ஐயாவின் லாண்ட்மாஸ்ரர்

லாண்ட்மாஸ்ரர் என்றால் என்னவென்று ஈழத்து வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஏனையோருக்காகச் சொல்கிறேன். இரண்டே சில்லுகள் கொண்ட சிறிய உழவு இயந்திரம் அது. உழும்போது அதன் பின்னால் நடந்தபடி, நீண்ட இரு கைப்பிடிகளைப் பற்றித் திசை திருப்ப வேண்டும். கலப்பையைக் கழற்றிவிட்டு ஒரு பெட்டியைக் கொளுவினால் அதுவே வண்டியாகிவிடும். வெங்காய மூட்டை, சீமெந்து, கோயில் திருவிழாவுக்குப் புறப்பட்ட குடும்பம் என எதையும் ஏற்றலாம். இன்று எங்கள் வீதிகளில் ஓடுபவை பெரும்பாலும் யப்பானிலும் சீனாவிலும் செய்யப்பட்டவை. ஆயினும் ஊர்ச்சனம் அவற்றையும் லாண்ட்மாஸ்ரர் என்றே அழைக்கிறது. ஒரு வணிகப் பெயர், அசல் மறைந்த பின்னரும் பொதுப் பெயராக நிலைத்துவிட்டது.

எங்கள் வீட்டுக் கொட்டிலில் கிடந்தது அசல். இங்கிலாந்தின் நொட்டிங்காமில் செய்யப்பட்டுக் கப்பலேறி வந்தது. வில்லியர்ஸ் கம்பனியின் ஒற்றைச் சிலிண்டர் இயந்திரம் பூட்டப்பட்டது. நான் பிறப்பதற்கு முந்திய ஆண்டு ஐயா அதை வாங்கினார். கோண்டாவிலில் எங்களுக்கு எட்டுப் பரப்புச் செம்மண் தோட்டம் இருந்தது. வெங்காயமும் புகையிலையும் மரவள்ளியும் மாறி மாறிப் போடுவார். எட்டுப் பரப்புக்கு இயந்திரம் எதற்கு என்று அம்மா கேட்டதாகவும், அயலவரின் காணிகளைக் கூலிக்கு உழுது இரண்டே ஆண்டுகளில் கடனை அடைத்துக் காட்டியதாகவும் அவர் சொல்வதுண்டு. அம்மாவின் கணக்குப்படி நான்கு ஆண்டுகள்.

அந்த இயந்திரத்தின் மூலவடிவம் ஓர் இலங்கையருடையது என்பதைப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே அறிந்தேன். அவர் ரே விஜேவர்த்தன. கேம்பிரிட்ஜில் கற்ற பொறியியலாளர். 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டத்தில் இலங்கை சார்பில் கலந்துகொண்டவர். சிறிய விமானங்களைத் தாமே கட்டிப் பறந்தவர். பிற்காலத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தவர். 1950களில் சிறு விவசாயிக்கு உகந்த இரு சில்லு உழவு இயந்திரத்தை அவர் வடிவமைக்க, நொட்டிங்காம் நிறுவனம் அதைச் செய்து பல நாடுகளிலும் விற்றது. 2010இல் அவர் காலமானபோது இவற்றையெல்லாம் பத்திரிகைகள் எழுதின. என்னைக் கவர்ந்தது வேறொன்று. தமது படைப்பைப் பின்னாளில் அவரே கேள்விக்குள்ளாக்கினார். எருமை செய்த வேலையை இயந்திரம் செய்ததே தவிர, அதனால் விவசாயியின் விளைச்சல் கூடியதா என்று கேட்டார். எருமை எரு தரும், பால் தரும், கன்று போடும். இயந்திரமோ வெளிநாட்டு எரிபொருளைக் குடிக்கும். நைஜீரியாவின் இபாடான் நகரில் உள்ள வெப்பமண்டல விவசாய ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றி, மண்ணை உழாமலே பயிரிடும் முறைக்காகக் குரல் கொடுத்தார். தாம் செய்த பொருளைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசிய இன்னொரு பொறியியலாளரை நான் அறியேன்.

ஐயாவிடம் இதைச் சொல்லியிருந்தால், "அவர் எருமைக்குப் பின்னால நடந்து பார்த்தவரோ?" என்று கேட்டிருப்பார். அவர் நடந்தவர்.

கொழும்புப் பணியை விட்டு 2021இல் ஊருக்குத் திரும்பினேன். அடுத்த ஆண்டு எரிபொருள் தட்டுப்பாடு வந்தது. மோட்டார் சைக்கிளுடன் இரவு பகலாக வரிசையில் நின்ற நாட்கள் அவை. மண்ணெண்ணெய் கண்ணிலேயே படவில்லை. பட்டபோது, 87 ரூபாவாக இருந்த லீற்றர் ஒரே நாளில் 340 ரூபாவாகியிருந்தது. அப்படி ஒரு வரிசையில் நின்று வெறுங்கையுடன் வீடு திரும்பிய மாலையில்தான் கொட்டிலுக்குள் போய்ப் படங்கை விலக்கினேன். கறள் பிடித்த இரும்பின்மேல் கோழி ஒன்று அடைகிடந்தது.

எங்கள் ஊரில் எழுபது வயதைத் தாண்டிய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். இத்தகைய இயந்திரங்களைத் தொட்டுப் பழகியவர்களில் மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவரே. வந்து சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, உதுக்குச் செலவழிக்கிற காசுக்குச் சைனா மெசின் ஒண்டு வாங்கலாம்."

"தெரியும் அண்ணை."

"பிறகேன்?"

"சும்மா, ஒரு பொழுதுபோக்குக்கு."

"மற்ற ஆக்கள் மீன் வளர்க்கினம்" என்றார். ஆனாலும் சேர்ட்டைக் கழற்றிக் கப்பில் கொளுவிவிட்டுக் குந்தினார்.

பிஸ்ரன் சிலிண்டருக்குள் இறுகிப்போயிருந்தது. டீசலும் இயந்திர ஒயிலும் கலந்து பிளக் துவாரத்தின் வழியே ஊற்றிவிட்டுக் காத்திருந்தோம். ஒவ்வொரு நாள் காலையும் மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டிப் பார்ப்பேன். பலத்தைக் காட்டக்கூடாது என்பது அண்ணையின் கட்டளை. வார்ப்பிரும்பு வெடித்தால் மாற்றுக்கு எங்கே போவது? பதினேழாம் நாள் ஒரு மயிரிழை நகர்ந்தது. செய்தி அறையில் முப்பது ஆண்டுகள் அவசரத்தில் வாழ்ந்த எனக்கு அந்தப் பதினேழு நாட்கள் பெரிய படிப்பினை என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் பொறுமையிழந்து இரண்டு தடவை அண்ணையிடம் ஏச்சு வாங்கினேன்.

பிறகு சிறு சிறு வேலைகள். காபரேற்றருக்குள் இருக்கும் பித்தளை மிதவையில் ஓட்டை. கண்ணுக்குத் தெரியாத ஓட்டையைக் கண்டுபிடிக்க அதைச் சுடுநீருக்குள் அமிழ்த்த வேண்டும். உள்ளே இருக்கும் காற்று விரிந்து குமிழியாக வெளிவரும் இடத்தில் குறியிட்டு, ஈயம் பற்றவைக்க வேண்டும். அதிகம் வைத்தால் மிதவை பாரமாகி எரிபொருள் மட்டம் பிழைத்துவிடும். வால்வுகளுக்கு அரைப்பசை பூசி, இருக்கையில் பதித்து, உள்ளங்கைகளுக்கிடையே கடைகோல் உருட்டுவதுபோல உருட்டினேன். மூடிகளுக்கிடையே வைக்கும் தாள்களைக் கலண்டர் மட்டையில் வெட்டினோம். மட்டையை விளிம்பின்மேல் வைத்துச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் இரும்பின் ஓரமே அதை வெட்டித் தந்துவிடும். தாளோடு வாழ்நாளைக் கழித்த நான் அறியாத வித்தை அது. கரும்புகை படிந்த பித்தளைப் பகுதிகளை அம்மா பழப்புளி போட்டுத் தேய்த்துத் தந்தார். குத்துவிளக்கைவிட நன்றாகப் பளபளத்தன.

இங்கே அந்த இயந்திரத்தின் இயல்பொன்றைச் சொல்லியாக வேண்டும். அது மண்ணெண்ணெயில் ஓடும். ஆனால் மண்ணெண்ணெயில் தொடங்காது. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகையால் பெற்றோலில் தொடக்கி, சூடேறியபின் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன்னரும் சிறிது நேரம் பெற்றோலில் ஓடவிட்டால், அடுத்த முறைக்கான பெற்றோல் காபரேற்றருக்குள் தங்கியிருக்கும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனைக் கடந்து கீழே வடிந்து ஒயிலைத் தண்ணீராக்கிவிடும் என்பதால் அடிக்கடி ஒயில் மாற்றவும் வேண்டும்.

1990இன் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் மருந்துக்கும் இல்லை என்பது எங்களைப் பொறுத்தவரை உவமை அன்று. அது மருந்துப் போத்தலில்தான் இருந்தது. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. சில விவசாயிகள் பம்பியை மூடிவைத்துவிட்டு மீண்டும் துலா மிதித்தார்கள். ஐயா லாண்ட்மாஸ்ரருக்கென்று இருமல் மருந்து வந்த மண்ணிறப் போத்தல் ஒன்றில் பெற்றோல் சேமித்து, ஆயுதப் பெட்டிக்குள் துணி சுற்றி வைத்திருந்தார். தொடக்குவதற்கு ஒரு மூடியளவு. அதற்கு மேல் ஒரு துளியும் விடமாட்டார். ஓடத் தொடங்கிவிட்டால் நாளின் வேலை முடியும்வரை நிறுத்தவும் மாட்டார். "நிப்பாட்டிப் போடாதை" என்ற அவரது குரல்தான் அந்த ஆண்டுகளின் ஒலியாக என் காதில் நிற்கிறது.

1995 ஒக்ரோபர் நடுப்பகுதியில் ஒரு நாள், அவர் தோட்டத்தில் இருந்தபோது, அந்தப் போத்தலில் பாதிக்கு மேல் என் மோட்டார் சைக்கிளுக்காக எடுத்தேன். மட்டம் குறைந்தது தெரியாமல் இருக்க, அதே அளவுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி மூடி வைத்தேன். அப்போது எனக்கு வயது 28, செய்தியாளன். ஒரு முக்கியமான செய்திக்காகப் போனேன் என்று இங்கே எழுத எனக்கு மிகவும் விருப்பம். போனது பருத்தித்துறைக்கு, ஒரு பெண்ணைப் பார்க்க. அந்தப் பெண் இப்போது என் மனைவி. பெற்றோல் எங்கிருந்து வந்தது என்பதை அவரும் இதை வாசித்துத்தான் அறியப்போகிறார்.

ஒக்ரோபர் 30ஆம் திகதி மாலை ஒலிபெருக்கி அறிவித்தல் வந்தது. வலிகாமத்தை விட்டு எல்லோரும் உடனே வெளியேற வேண்டும். அந்த இரவைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள், நானும் எழுதியிருக்கிறேன். மழை, இருட்டு, செம்மணி வெளியூடாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஊர்ந்த இலட்சக்கணக்கான சனம். ஆனால் எங்கள் லாண்ட்மாஸ்ரரைப் பற்றி எதிலும் எழுதியதில்லை. ஐயா கைப்பிடியில் இருந்தார். பெட்டியில் ஆச்சி, அம்மாவின் தையல் மெசின், காணி உறுதிகள், இரண்டு மூட்டை விதை வெங்காயம், அரிசி. ஆச்சிக்கு எண்பது கடந்திருந்தது, இழுப்பு வருத்தக்காரி. நானும் அம்மாவும் சைக்கிள்களை உருட்டிக்கொண்டு பக்கத்தில் நடந்தோம்.

பாலத்துக்கு முன்பாகச் சனக்கூட்டம் அசையாமல் நின்றது. அடி அடியாகத்தான் நகர்ந்தோம். வேலையில்லாமல் மெல்ல ஓடும் மண்ணெண்ணெய் இயந்திரம் சூடிழக்கும்; மழை வேறு. நள்ளிரவு கடந்து எப்போதோ இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது.

ஐயா போத்தலை எடுத்து மூடியைத் திறந்தார். கையில் ஊற்றப் போனவர் நிறுத்தி, போத்தலை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். இருட்டில் முகம் தெரியவில்லை. ஆனால் பார்த்தது என்னைத்தான்.

ஒன்றும் சொல்லவில்லை. இருந்ததை ஊற்றி, கப்பியில் கயிற்றைச் சுற்றி இழுத்தார். மூன்றாவதோ நான்காவதோ இழுவையில் இயந்திரம் ஒரு வெடிச்சத்தத்தோடு திருப்பி அடித்தது. கயிறு பின்னோக்கிச் சுண்டி அவர் மணிக்கட்டை முறுக்கியது. அதன் பின்னர் நான் இழுத்தேன். அயலவர் ஒருவர் இழுத்தார். எதுவும் நடக்கவில்லை. பின்னால் வந்த சனம் வழிவிடச் சொல்லிக் கத்தியது. நாங்களே அதை வீதியோரச் சேற்றுக்குள் தள்ளிவிட்டோம். உறுதிகளை அம்மா சேலைக்குள் செருகிக்கொண்டார். ஆச்சியைச் சைக்கிள் கரியரில் இருத்தி, நான் உருட்ட, ஐயா வீங்கிய கையால் அவரை அணைத்தபடி நடந்தார். விடியும்வரை நனைந்தோம். மீசாலையில் ஒரு பாடசாலை மண்டபத்தில் பதினொரு நாட்களின் பின் ஆச்சி காலமானார். இழுப்பும் காய்ச்சலும். அந்த நாட்களில் பல முதியவர்கள் அப்படிப் போனார்கள்.

அடுத்த ஆண்டு சித்திரையில் சனம் வலிகாமத்துக்குத் திரும்பியபோது லாண்ட்மாஸ்ரர் தள்ளிய இடத்திலேயே கிடந்தது. பெட்டியையும் ரயர்களையும் யாரோ கொண்டுபோயிருந்தார்கள். ஐயா ஒரு மாட்டு வண்டி பிடித்து அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, கொட்டிலில் வைத்து, படங்கால் மூடினார். திருத்த முயலவில்லை. விற்கவும் இல்லை. பழைய இரும்புக்காரர் வந்து கேட்டபோதெல்லாம் தலையசைத்து அனுப்பிவிட்டார். 2004இல் இறக்கும்வரை போத்தலைப் பற்றி அவர் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பதும் தெரியாது. மற்றவர்களின் தவறுகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறேன்.

இனி, பிளைவீலைக் கழற்றிய நாளுக்கு வருகிறேன்.

தீப்பொறி வருகிறதா என்று பார்க்க அதைக் கழற்றினோம். பிளைவீல், சுழல்தண்டின் கூம்பு முனையில் இறுகி இருக்கும். அது சரியான கோணத்தில் அமர்வதற்காக இரண்டுக்கும் இடையே ஒரு பிறைவடிவ இரும்புத் துண்டு உண்டு; கராஜ்காரர்கள் கீ என்பார்கள். விரல் நகத்தின் அளவுதான் இருக்கும். பிளைவீல் சிறிதளவு இடம் நகர்ந்தாலும் பொறி பிழையான நேரத்தில் பாயும். பெற்றோல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இயந்திரம் தொடங்காது. அண்ணை அதை நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். இரண்டாக வெட்டுண்டிருந்தது.

"இது வெட்டினால் ஒருத்தராலையும் ஸ்ராட் எடுக்க ஏலாது" என்றார்.

நான் கொட்டில் வாசலில் அமர்ந்துவிட்டேன். ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டுகள். போத்தலில் சுத்தமான பெற்றோல் இருந்திருந்தாலும் அந்த இரவு அது தொடங்கியிருக்காது. அதுதானே பொருள்? கயிறு திருப்பி அடித்ததே, அதுவும் பொறி நேரம் தப்பியதன் அடையாளம்தானே? அண்ணையிடம் அந்த இரவின் கதையை முதன்முறையாகச் சொன்னேன், போத்தல் உட்பட. அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"கீ வெட்டினதாலை திருப்பி அடிச்சிருக்கலாம். திருப்பி அடிச்சதாலை கீ வெட்டியிருக்கலாம்" என்றார். "கள்ள எண்ணெய் ஊத்தி இழுக்க இழுக்க எடுபடாமல், களைச்சுப்போய் அரைகுறையாய் இழுத்தாலும் திருப்பி அடிக்கும். இல்லாட்டி, நீங்கள் விட்டிட்டுப் போனாப்பிறகு ஆரும் இழுத்துப் பார்த்திருப்பாங்கள்."

"எது அண்ணை சரி?"

"இரும்பிலை திகதி எழுதியிருக்கோ?"

நான் விடவில்லை. வெட்டுண்ட முகங்களை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். இரண்டிலும் ஒரே அளவு கறள். அது 1995இன் கறளா, அதற்குப் பிந்தியதா என்று சொல்லும் அறிவு எனக்கில்லை, அண்ணைக்கும் இல்லை. ஆதாரமில்லாத செய்தியை அச்சுக்கு விடாதே என்று இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். எனக்குச் சாதகமான செய்தி என்பதற்காக இதை மட்டும் விட முடியாது. துண்டுகள் இரண்டும் என் மேசையில், கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கின்றன.

புதிய கீயை அண்ணை அரத்தால் அராவிச் செய்தார். மக்னீற்றோவின் கொண்டென்சர் செத்துப்போயிருந்தது. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றிலிருந்து எடுத்துப் பொருத்தினோம். சில்லுகளுக்குப் பொருந்தும் ரயர்கள் கிடைக்க எட்டு மாதங்கள் ஆயின. செலவுக் கணக்கை எழுதினால் அம்மா வாசித்துவிடுவார்.

சென்ற வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கயிற்றைச் சுற்றினேன். ஆறாவது இழுவையில் பிடித்தது. கொட்டில் முழுவதும் வெண்புகை. கோழிகள் வேலி தாண்டின. சிறிது நேரம் பெற்றோலில் ஓடவிட்டு, சூடேறியதும் குழாயை மண்ணெண்ணெய்க்குத் திருப்பினேன். "இப்பதான் பெற்றோல் கிடக்கே, ஏன் உந்த வேலை?" என்று அண்ணை கேட்டார். ஓட்டத்தின் ஒலி மாறி, கனத்து, அந்தப் பழைய மணம் முற்றமெங்கும் பரவியது.

அம்மா குசினிக்குள்ளிருந்து வந்து படியில் நின்றார். 83 வயது. காது மந்தம், மூக்குக்குப் பழுதில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிப்பாட்டிப் போடாதை" என்றார்.

ஒரு மணித்தியாலம் ஓடியது. வெறுமையாகக் கிடந்த தோட்டத்தில் நாலு சால் உழுதேன். எதுவும் நேராக வரவில்லை. பிறகு முறைப்படி பெற்றோலுக்கு மாற்றி, இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினேன். ஆயுதப் பெட்டியின் அடியில் அந்த மண்ணிறப் போத்தல் துணிக்குள் சுற்றியபடியே கிடந்தது, காய்ந்து. கழுவி வெயிலில் வைத்து, பின்னேரம் பெற்றோல் நிரப்பினேன். மூடுவதற்கு முன் ஒருமுறை மணந்து பார்த்துவிட்டு, அதே துணியில் சுற்றி உள்ளே வைத்தேன்.